எல்லோருக்கும் புரியும்வரை

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு முதுகிலும் இரண்டு காது வேண்டும். யார் யாருடைய பென்சிலைப் பிடுங்கினார்கள், யாருக்குக் குமட்டுகிறது, எந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாக மாறும் என்பதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே தெரிய வேண்டும். பல வருடமாக அந்த மஞ்சள் வேனை ஓட்டியதில் அவளுக்கு அந்தக் காது முளைத்திருந்தது. அதனால்தான் அன்று காலை சிக்னலில் நின்றபோது பின்னால் நடந்த பேச்சு அவளை உறுத்தியது. அது சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் ஓர் அதட்டலில் முடித்திருப்பாள்.

"உனக்கு எந்த இடம் புரியலைன்னு சொல்லு கொக்கு. நாங்க விளக்குறோம்."

பேசியது தும்மல். வருடம் பூராவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஏழாம் வகுப்புப் பையன். சாதாரணமாக அவன் வாயைத் திறந்தால் வேன் கண்ணாடி அதிரும். இன்று, அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்து உறவுக்காரர்களிடம் பேசும் டாக்டர் மாதிரி தணிந்த குரலில் பேசினான்.

"எல்லாம் புரியுது," என்றாள் கொக்கு.

"புரிஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியே."

"புரியுது. ஆனா வேணாம்."

"அப்ப இன்னும் புரியலைன்னுதான் அர்த்தம். பரவாயில்ல. காத்திருக்கோம்."

யாரும் சிரிக்கவில்லை. "ஆமா, காத்திருக்கோம்" என்று பின் இருக்கையிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் வந்தன. விளக்கு பச்சைக்கு மாறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் கிளட்சை விட்டாள்.

கொக்கு அவளுடைய மகள். காலும் கழுத்தும் நீளமென்று இரண்டாம் வகுப்பில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா வேறு ஊரில் கப்பல் பட்டறையில் வெல்டர், மாதக் கடைசியில் வந்து போகிறவர். வீட்டில் அவளும் கொக்கும் கொக்குவின் அத்தையும்தான்.

தும்மல் சொன்ன கையெழுத்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருடம் முன்னால் பள்ளிக்கு வந்த சமூக அறிவியல் டீச்சர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்து மேசைகளாக உட்கார வைப்பார். பாடத்தை நாலாகக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். தன் துண்டைப் படித்தவன் மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். நாலு பேருக்கும் புரியும்வரை மேசை எழுந்திருக்கக் கூடாது. எல்லோரையும்விடக் கடைசியில் யாருக்குப் புரிந்ததோ அவர்தான் அடுத்த மேசைக்குப் போய் விளக்க வேண்டும், ஏனென்றால் எந்த இடத்தில் இடறும் என்று அவருக்குத்தான் தெரியும். இதுதான் விதி.

விதி பலித்தது. அதை மறுக்க அவளாலும் முடியாது. பின்னக் கணக்கைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிற கொக்கு, ஒரு பருவத்தில் மூன்று மேசைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். பள்ளியில் தோற்கிற பிள்ளையே இல்லாமல் போனது. வேறு பள்ளிக்காரர்கள் வந்து பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நகராட்சி வருடாவருடம் பள்ளிக்குக் கொடுக்கும் நிதியை என்ன செய்வதென்று இந்த வருடம் பிள்ளைகளும் பெற்றோர்களும் சேர்ந்தே தீர்மானிக்கலாம் என்று உத்தரவு வந்தபோது, டீச்சர் அதையும் மேசைகளிடம் கொடுத்தார். கழிவறை, நூலகம், உள்ளரங்கம் என்று யோசனைகள் வந்து, பேசிப் பேசி உள்ளரங்கத்தில் வந்து நின்றது. மழையிலும் விளையாடலாம், கூட்டம் போடலாம், நாடகம் போடலாம். ஒரு மேசைகூட விடாமல் எல்லா மேசையும் சம்மதித்தால் நிதி இரண்டு மடங்கு என்பது நகராட்சியின் ஏற்பாடு. ஒரு மேசையில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மேசையின் அட்டை செல்லும்.

அரங்கத்துக்கு இருந்த ஒரே இடம் பின்பக்கம். அங்கே ஒரு சின்னக் கதவு இருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆலைக் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைகள் நடைப்பாலத்தைத் தாண்டி அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள். அரங்கம் வந்தால் கதவு சுவராகிவிடும். அவர்கள் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வர வேண்டும். அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோடு இருக்கிறது, அதற்கப்புறம் மண் சரிவு இருக்கிறது, நடக்கிறவன் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான்.

கொக்குவுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து உயிர்த்தோழி சுருட்டை. சுருட்டை கால்வாய்க்கு அந்தப் பக்கம்.

"அதுக்காகத்தான் போடலையாக்கும் மகாராணி," என்றாள் நாத்தனார், அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபடி. பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். ஊர் விஷயம் எல்லாம் அவளுக்கு இரண்டு பக்கமும் நகல் எடுத்துத் தெரியும். "அந்தச் சுருட்டையே போட்டுட்டா அண்ணி. ரெண்டாம் நாளே போட்டுட்டா. இவ யாருக்காகத் தொங்கிட்டு இருக்கா?"

"அவ போட்டா அவ இஷ்டம்," என்றாள் கொக்கு, சோற்றைப் பிசைந்தபடி.

"நடக்கப்போறவளுக்கே கால் வலிக்கல, உனக்கு ஏன்டி வலிக்குது?"

"அவகிட்ட ஏன் போட்டேன்னு கேட்டேன் அத்தை. எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு சொன்னா. என்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன். சொல்லத் தெரியல. ஆனா திரும்பத் திரும்ப, புரிஞ்சிடுச்சு, புரிஞ்சிடுச்சுன்னா."

நாத்தனார் கொக்குவிடம் பேசியபடியே அண்ணி பக்கம் திரும்பினாள். "உங்க அம்மாவுக்கும் இதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல. கதவை மூடினா அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க வேன்லதான் வரணும். இன்னொரு ட்ரிப் அடிக்கலாம். இல்லையா அண்ணி?"

அந்தக் கணக்கை அவளும் போட்டுப் பார்த்திருந்தாள். போட்டதற்காக வெட்கப்படவும் இல்லை. அவளுக்கு அன்று தோன்றியது ஒன்றுதான்: ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைத்துவிட்டு வந்தால் பிள்ளைக்கு நிம்மதி.

அடுத்த நாள் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது மாடிப்படியில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தும்மல், கண்ணாடி போட்ட ஒரு பெண், சுருட்டை. கொக்குவின் மேசை. கையில் தண்ணீர் பாட்டில், மடியில் பை. அவளைப் பார்த்ததும் மூவரும் எழுந்து வழிவிட்டார்கள்.

"என்ன பசங்களா, உள்ள வாங்களேன்."

"இல்ல ஆன்ட்டி. கொக்கு கூப்பிடல. இங்கேயே இருக்கோம்."

"எவ்வளவு நேரம்?"

"அவளுக்குப் புரியற வரைக்கும்," என்றான் தும்மல், மணி கேட்டவனுக்கு மணி சொல்கிற மாதிரி.

சுருட்டை தலையைத் தூக்கவில்லை. வீட்டில் கொக்கு கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கம் திரும்பவும் இல்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த அம்மாக்கள் யாரும் பிள்ளைகளை அதட்டவில்லை. தும்மலின் அம்மா மட்டும் அவளிடம் மெதுவாக, "உங்க பொண்ணுக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

மறுநாள் படியில் ஏழு பேர். அதற்கு மறுநாள் அவள் எண்ணவில்லை. கீழ்வீட்டுக்காரர் வாசலில் செருப்பு விட இடமில்லை என்று சொன்னதோடு சரி. சத்தம் போட்டிருந்தால் விரட்டியிருக்கலாம். பிள்ளைகள் கிசுகிசுவென்றுகூடப் பேசவில்லை. ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டார்கள், பை தூக்க உதவினார்கள்.

அவள் டீச்சரைப் பார்க்கப் போனாள். ஆசிரியர் அறையில் டீச்சர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். ஒல்லி உடம்பு, கட்டிய தொண்டை, இரவெல்லாம் விடைத்தாள் திருத்திய கண்கள். அவரைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

"யாராவது அவளைத் திட்டினாங்களா?"

"இல்ல டீச்சர்."

"கிள்ளினாங்களா, பேர் சொல்லிக் கிண்டல் பண்ணினாங்களா, ஒதுக்கி வச்சாங்களா?"

"ஒதுக்கி வச்சாத்தான் தேவலையே. விட மாட்டேங்குறாங்க."

டீச்சர் சிரித்தார். "அதுதாங்க நான் இங்க வந்ததுல பெரிய சந்தோஷம். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல ஓட்டு எடுப்பாங்க. கை தூக்கு, எண்ணு, முடிஞ்சுது. தோத்தவங்க மூலைல உட்கார்ந்திருப்போம். நான் எப்பவும் தோத்த பக்கம். இங்க தோத்தவங்களே கிடையாது. ஒரே ஒரு பிள்ளைக்குப் புரியலைன்னா மொத்தப் பள்ளிக்கூடமும் நின்னு காத்திருக்குது. உங்க பொண்ணுக்காக முந்நூறு பேர் காத்திருக்காங்க. எந்த ஊர்ல நடக்கும் சொல்லுங்க."

"அவ வேணாம்னு சொல்றா டீச்சர். அது ஒரு பதில் இல்லையா?"

"காரணம் சொன்னா அது பதில். அவ கதவுன்னு சொன்னா. அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க சரின்னுட்டாங்க. இப்ப அவகிட்ட காரணம் இல்ல, பிடிவாதம்தான் இருக்கு. பிடிவாதம்னா என்னங்க? புரியாததுதான்."

டீ நன்றாக இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

வரும் வழியில் சாப்பாட்டு மணி அடித்தது. ஏழாம் வகுப்பு வராந்தாவைத் தாண்டும்போது உள்ளே பார்த்தாள். எல்லா மேசையிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டப்பாக்கள் மேசை மேல் இருந்தன. யாரும் திறக்கவில்லை. யாரும் கொக்குவைப் பார்க்கவுமில்லை. ஜன்னலையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கொக்கு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, தன் டப்பாவின் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு வயிறு உறுமியது. அதற்குக்கூட ஒருவரும் சிரிக்கவில்லை. பசித்த பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அன்று வேனில் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, இன்ஜினை அணைக்காமலே சொன்னாள்: "நாளைக்குப் போட்டுடு கண்ணு."

கொக்கு முன் இருக்கையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். "நீயுமா?"

"உன்னைச் சாப்பிட விடமாட்டேங்குறாங்கடி."

"நான் சாப்பிடலாம்மா. யாரும் வேணாம்னு சொல்லல. அவங்கதான் சாப்பிடல."

"அதைத்தான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு. எனக்காகப் போடு."

கொக்கு மடக்கிய கால்களைக் கீழே இறக்கினாள். பிறகு, "நீ சொன்னதாலதான் போடுறேன். ஞாபகம் வச்சுக்க," என்றாள். அழுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அழவில்லை.

போட்டாள். கை தட்டினார்களாம். சுருட்டைதான் முதலில் ஓடி வந்து கட்டிப்பிடித்தாளாம். நாத்தனார் கடையிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு வந்து, "பள்ளிக்கூடமே திருவிழாக் கோலம்தான் போ," என்றாள். படியில் யாரும் உட்காரவில்லை. கொக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். அன்று இரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனால் கடைசியில் புரிந்தவள் கொக்கு. விதிப்படி இனி அவள்தான் விளக்க வேண்டும். பிள்ளைகள் மேசை முடிந்து பெற்றோர் மேசை ஆரம்பமாகியிருந்தது. அங்கே தயங்கியவர்களுக்கு விளக்க அவளை அனுப்பினார்கள். நூலகம் கேட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரிடம் போய் உட்கார்ந்தாள். ஒரே மாலையில் அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்க பொண்ணு வக்கீலாத்தான் வரும்," என்று அவர் வேன் ஜன்னல் வழியாக அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. "ஒண்ணுமே பேசலைங்க. நான் என்ன சொன்னாலும் தலையாட்டுச்சு. அங்கிள், நானும் அப்படித்தான் நினைச்சேன்னு சொல்லுச்சு. அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்துச்சு. கடையை மூட முடியல. வர்ற ஆளெல்லாம் பார்க்குறான். போட்டுடுறேன்னு சொல்லிட்டேன்."

கொக்குவின் கழுத்து நிமிர்ந்திருந்தது. வேனில் அவள் பேசினால் மற்றவர்கள் நிறுத்தினார்கள். நகம் கடிப்பது நின்றுவிட்டது. அத்தை வழக்கம்போல் வம்பிழுத்தபோது கோபப்படாமல், "உங்களுக்கு ஏன் அப்படித் தோணுதுன்னு சொல்லுங்க அத்தை," என்றாள். நாத்தனாருக்கு வாயடைத்துப் போனது. இத்தனை வருடத்தில் அண்ணியால் சாதிக்க முடியாததை அண்ணி மகள் சாதித்தாள். இதைச் சொல்லிச் சிரிக்கலாம்போலத்தான் இருந்தது, சிரிப்பு வரவில்லை.

அரங்கத்துக்கு அளவெடுக்கிறவர்கள் வந்ததால் பின்கதவை ஒரு வாரம் பூட்டினார்கள். முதல் நாள் காலை நெடுஞ்சாலையில் திரும்பும்போது அவள் அவர்களைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒருவர் பின் ஒருவராக, பெரியவர்கள் சின்னவர்களின் பையைப் பிடித்தபடி. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கன்டெய்னர் லாரி ஒன்று அவளை முந்தியது. அது கிளப்பிய காற்றில் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் சரிவுப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கடைசியில் சுருட்டை வந்தாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில்.

அவள் வண்டியை ஓரம் கட்டப் பார்த்தாள். ஓரமே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, கடந்துபோனாள். பக்கத்தில் திரும்பியபோது முன் இருக்கையில் கொக்கு ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துவிட்டு, நேராக முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"பார்த்தியாடி?"

"ம். வரிசையா வர்றாங்க. பழகிட்டா சரியாயிடும்."

அந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அட்டை அவள் மேசைக்கு வந்தபோது, மருந்துக்கடைக்காரரும், ட்யூஷன் எடுக்கிற அக்காவும், ஓய்வுபெற்ற தபால்காரரும் போட்டுவிட்டு அவளிடம் தள்ளினார்கள். பேனாவை எடுத்தாள். வெள்ளைக் கோடு கண்ணில் நின்றது. கொக்குவைப் போடச் சொன்னவள் அவள்தான். அவள் வாயால் சொல்லித்தான் அந்தப் பிள்ளை இப்படி ஆனது. இந்த அட்டையிலும் போட்டுவிட்டால் அந்தப் பழைய கொக்கு திரும்பி வர வழியே இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வேணாம்," என்றாள்.

மேசையில் யாரும் கோபிக்கவில்லை. ட்யூஷன் அக்கா அவள் கை மேல் கை வைத்து, "எந்த இடம்மா புரியல?" என்று கேட்டாள்.

வீட்டில் பேச்சே எழவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொக்கு சமையலறையில் உதவினாள், துணி மடித்தாள். அம்மா எங்கே உட்கார்ந்தாலும் எதிரே வந்து உட்கார்ந்தாள். புத்தகம் இல்லை, போன் இல்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பார்க்குறே?"

"சும்மாதான்மா."

"சுருட்டை ரோட்ல நடக்குறதைப் பார்த்தேன். அதான் போடல. நீ மொதல்ல சொன்னதுதான்டி. உன் காரணம்தான்."

"தெரியும்மா. நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் கொக்கு.

மருந்துக்கடைக்காரர் வேன் ஜன்னலில் சொன்ன அதே வார்த்தை. நாத்தனார் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே குறைத்தாள். "போட்டுத் தொலைங்களேன் அண்ணி," என்றாள். கேலி எல்லாம் போய், குரல் தேய்ந்திருந்தது. "எனக்கு இந்தப் பிள்ளையைப் பார்த்தா என்னமோ பண்ணுது."

திங்கட்கிழமை காலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் வணக்கம் சொல்லி ஏறினார்கள். வேனிலேயே சின்னப் பிள்ளையான பட்டாணி மட்டும் ஏற முடியாமல் தவித்தது. ஒன்றாம் வகுப்பு, படியே அதன் இடுப்புக்கு வரும். கொக்கு இறங்கித் தூக்கி நடு இருக்கையில் உட்கார வைத்தாள். வேன் முழுக்க நிறைந்தது. பென்சில் சண்டை இல்லை. தும்மல்கூடத் தும்மவில்லை.

பள்ளி முன்வாசலில் வண்டியை நிறுத்தி, சுற்றி வந்து, சறுக்குக் கதவை இழுத்துத் திறந்தாள். யாரும் இறங்கவில்லை.

"இறங்குங்க."

எல்லோரும் மடியில் பையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். கோபமில்லாத முகங்கள். நல்ல பிள்ளைகள். இவர்களில் பாதிப் பேருக்கு அவள் மூக்குச் சிந்திவிட்டிருக்கிறாள்.

"காத்திருக்கோம் ஆன்ட்டி," என்றான் தும்மல்.

"மணி அடிக்கப் போகுது."

"பரவாயில்ல."

அவள் கொக்குவைப் பார்த்தாள். கொக்கு முன் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, மற்றவர்களுக்கு நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். "நீ அவசரப்படாதம்மா. யோசி," என்றாள். குரலில் அன்பு இருந்தது. அதில் பொய்யே இல்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மணி அடித்தது. பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஒருவர் ஹாரன் அடித்தார். யாரோ போய்ச் சொன்னதும் நிறுத்திவிட்டார். அவரும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினார். எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நாத்தனார் ஒரு கத்தைக் காகிதத்தோடு அசையாமல் நின்றாள். அம்மா ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். யார் முதலில் களைக்கிறார்கள் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். பிள்ளைகள்தானே, கால் மணி நேரம் தாங்குமா.

கண்ணாடியில் பட்டாணி தெரிந்தது. கால்களை இறுக்கிக்கொண்டிருந்தது. முகம் சிவந்திருந்தது. அது ஓட்டுநர் பக்கம் பார்க்கவில்லை, டீச்சரைத் தேடவில்லை. கழுத்தைத் திருப்பி கொக்குவைப் பார்த்தது. கொக்கு குனிந்து அதன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, மெல்லத் தலையசைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் என்கிற மாதிரி.

"அது பாத்ரூம் போகணும்டி. இறக்கிவிடு."

"போகலாம்மா. கதவு திறந்துதானே இருக்கு. நீ போறியாடா?"

பட்டாணி இல்லை என்று தலையாட்டியது. உதடு நடுங்கியது. பிறகு இருக்கை விளிம்பிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கி, தரை ரப்பரின் பள்ளத்தில் ஓடி, முன்பக்கம் வந்தது. வேனில் ஒரு பிள்ளை முகம் சுளிக்கவில்லை. மூக்கைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டாணி அழாமல் நேராக உட்கார்ந்திருந்தது, பெரிய பிள்ளை மாதிரி.

"அட்டையைக் கொண்டா," என்றாள் அம்மா.

கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. டீச்சர் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. அட்டையை ஸ்டியரிங் மேல் வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். பின்னாலிருந்து கைதட்டல் வந்தது, நோயாளி தூங்குகிற அறையில் தட்டுகிற மாதிரி சத்தமில்லாத தட்டல். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, "நன்றி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பட்டாணியை ஒரு பெண் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாற்று உடை இருக்கிற அறைக்கு ஓடினாள். கொக்கு மட்டும் உள்ளே போகாமல் டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரொம்ப சந்தோஷங்க," என்றார் டீச்சர். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. "இனி கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பெற்றோர்தான் பாக்கி. ஆலையில ஷிப்டு, கூட்டத்துக்கு வர முடியல. நாளைக்குச் சாயங்காலம் நாங்களே அவங்க வீடுகளுக்குப் போய் உட்காரலாம்னு இருக்கோம். கடைசியா புரிஞ்சது உங்களுக்குத்தானே. நீங்க வந்து பேசினா அவங்களுக்கு எடுபடும். அந்தத் தெருவுல உங்களை எல்லாருக்கும் தெரியுமாமே."

அவள் நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தாள். இங்கிருந்து அது தெரியாது, லாரிகளின் இரைச்சல் மட்டும் கேட்கும். கொக்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தோளில் வைத்தாள். கை கனமில்லாமல் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

"எத்தனை பேர் வர்றீங்க?" என்று அவள் கேட்டாள். "நடு சீட்டு ஈரமா இருக்கு. அதுக்குள்ள காயணும்."

"எல்லாரும்தான்மா," என்றாள் கொக்கு.